இரண்டு இருமல் எண்ணெய்

கம்பெனியில் என் அண்ணனுக்கு ‘ரெண்டு’ என்று பட்டம். ஆலிவ் எண்ணெயை விழுங்கிப் பார்த்துத் தரம் சொல்வது அவன் வேலை. நல்ல எண்ணெய் தொண்டையைத் தாண்டும்போது மிளகைக் கடித்த மாதிரி சுருக்கென்று எரியும். எரிந்தால் இருமல் வரும். ஒரு இருமல் வந்தால் பரவாயில்லாத எண்ணெய். இரண்டு வந்தால் முதல் தரம். ஒன்றுமே வராவிட்டால் அதைச் செத்த எண்ணெய் என்போம். இது எங்கள் கம்பெனி கண்டுபிடித்த வழக்கமில்லை, எண்ணெய் ருசி பார்க்கிறவர்கள் பலரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் என் அண்ணன் இரண்டு தடவை இருமி, கண்ணில் தண்ணீரோடு நிமிர்ந்து “ரெண்டு” என்று சொல்லிவிட்டால் வாசலில் நிற்கும் டேங்கருக்குக் கேட் திறந்துவிடும். அதற்கு மேல் முதலாளியம்மாவே ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நான் அவன் தங்கச்சி. அவன் ருசி பார்க்கிற அறைக்கு அடுத்த அறையில் பரிசோதனைக் கருவிகளோடு குடும்பம் நடத்துகிறேன். எனக்கு ‘மெஷின்’ என்று பட்டம். அவனுக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்து நாலு. இந்த வயதிலும் எல்லோர் எதிரிலும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். இப்போது அவன் இருமினால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஈரக்குலை நடுங்குகிறது. அது எப்படி வந்தது என்று சொல்லப் புறப்பட்டால் என் தப்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்துப் பழகியதால் வந்த வினைதானே இவ்வளவும்.

முதலில் அவன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பதரைக்கு ஆரம்பிப்பான். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட மாட்டான், காபிகூடக் கிடையாது. செண்டு போட்டவர்கள் யாரும் அந்த அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒருமுறை முதலாளியம்மாவையே வாசலில் நிறுத்தி, நாளைக்கு வாங்க என்று அனுப்பியிருக்கிறான். எண்ணெயைச் சின்ன நீலக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுவோம். பச்சையாக இருந்தால் நல்லது, மஞ்சளாக இருந்தால் மட்டம் என்று கண் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடும், அதனால்தான் நீலம். கோப்பையை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் மூடி, உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருப்பான். மோந்து பார்ப்பான். ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சுவான். அந்தச் சத்தத்துக்கு நாகரிகமான எந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்தும் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாக்கின் ஓரத்தில் கசப்பு முதலில் வரும். தொண்டை எரிச்சல் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். ஆப்பிள் துண்டு ஒன்றைத் தின்று, தண்ணீர் குடித்து, அடுத்த கோப்பையை எடுப்பான். ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பைதான், அதற்கு மேல் வாய்க்கு நியாயம் தெரியாது என்பான்.

அவன் தொண்டை சொல்வதை நான் எண்ணாக மாற்றுவேன். ஆலிவ் எண்ணெயில் ஏறக்குறைய எல்லாமே கொழுப்புதான். இதயத்துக்கு ஒத்துவருகிற வகைக் கொழுப்பு என்றாலும் அதை வேறு எண்ணெயிலும் வாங்கிவிடலாம். மீதி இருக்கிற துளியிலும் துளியில்தான் பாலிஃபீனால் என்கிற சரக்கு இருக்கிறது. தொண்டையைச் சுடுவது அதில் ஒரு வகை. இன்னொரு வகை, ரத்தத்தில் ஓடுகிற கெட்ட கொழுப்பை ஆக்சிஜன் பிடித்துக் கெடுத்துவிடாமல் காவல் காக்கிறது. திறந்து வைத்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதே, ஏறக்குறைய அதே கேடுதான் நம் ரத்தத்திலும் நடக்கிறது. அப்படிக் கெட்ட கொழுப்புதான் குழாய்ச் சுவருக்குள் புகுந்து அடைப்புக்கு வழி பண்ணுகிறது. உடம்பு தானாக வைத்திருக்கிற காவல்காரர்களையும் இந்தப் பாலிஃபீனால் உசுப்பிவிடும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் இதற்கு ஆகவே ஆகாது. அதனால்தான் கறுத்த பாட்டில். சுத்திகரித்த எண்ணெயில் இது பெயருக்குக்கூட மிஞ்சாது. எங்கள் கம்பெனியில், கிலோவுக்கு இருநூற்றைம்பது மில்லிகிராமுக்கு மேல் பாலிஃபீனால் இருந்தால்தான் லேபிளில் ஒரு குட்டிச் சிவப்பு இதயம் அச்சடிப்போம். அந்த இதயத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவள் நான்.

அண்ணனுக்கு இந்த எண்ணெய் வெறும் பிழைப்பு இல்லை. எங்கள் அப்பா ஐம்பத்தொரு வயதில், ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர், பாதி முகத்தில் நுரையோடு விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு. அன்றிலிருந்து அண்ணன் ஐம்பத்தொன்று என்ற எண்ணையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவன். சிகரெட்டைத் தொட்டதில்லை, தினம் நாலு கிலோமீட்டர் நடப்பான், காலையில் வீட்டில் ஒரு பெரிய கரண்டி இரண்டு இருமல் எண்ணெய். அவன் மனைவி, என் அண்ணி, தபால் ஆபீசில் பார்சல் கவுண்டரில் இருக்கிறாள். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷி. இவர் தினம் ஏழு மணிக்குக் குளியலறை வாசலில் நின்று இருமுவதைக் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கிறேன், தனியாக அலாரம் எதற்கு என்பாள். போன வருஷம் ஐம்பத்திரண்டாவது பிறந்த நாளன்று அண்ணன் ஒரு கோப்பை எண்ணெயைத் தூக்கிப் பிடித்து, அப்பாவைத் தாண்டிட்டேன் பாப்பா என்றான். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அதை ஒரே மடக்கில் விழுங்கி இரண்டு தடவை இருமினான்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்த காய்ச்சல்தான். பத்து நாள் படுத்தான், எழுந்தான், வேலைக்கு வந்துவிட்டான்.

வந்த மூன்றாவது வாரம் எங்கள் இருவர் கணக்கும் முதல்முறையாக இடித்தது. ஒரு டேங்கர் எண்ணெய்க்கு அவன் ரெண்டு என்றான். என் கருவி நூற்று எழுபது என்றது. நூற்று எழுபது என்றால் ஒரு இருமலே அதிகம். பதினாறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கிறோம், கருவியும் தொண்டையும் இப்படி முட்டிக்கொண்டதே இல்லை. நான் மறுபடி சோதித்தேன். நூற்று அறுபத்தைந்து. மருந்துக் கரைசல் பழசாகியிருக்கும் என்று புதுப் பாட்டில் வாங்கினேன். நூற்று எழுபத்திரண்டு. அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் ஆப்பிளை மென்றுகொண்டே, உன் மெஷினுக்கு வயசாயிடுச்சு பாப்பா, கண்ணாடி போட்டு விடு என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அந்த டேங்கருக்கு நான் இதயம் கொடுக்கவில்லை. என் எண்ணைத்தான் எழுதினேன். அன்று மத்தியானம் அவன் என்னோடு சாப்பிட வரவில்லை.

பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. வாரத்தில் ஒன்றிரண்டு எண்ணெயில் முட்டிக்கொண்டோம், அப்புறம் மூன்று நாலில். எப்போதும் ஒரே பக்கம்தான். அவன் இரண்டு என்பான், என் கருவி இல்லை என்னும். பழுது பார்க்கிறவரை வரவழைத்தேன். அவர் கருவியை ஒரு நாள் முழுக்கக் குடைந்துவிட்டு, இதில் ஒரு கோளாறும் இல்லை, உங்களுக்குத்தான் ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவருக்கு வேலை தெரியாது என்று முடிவு கட்டினேன்.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷியில்லை. ருசி பார்க்கும் தாளில் கசப்புக்கு ஒரு கட்டம், இருமலுக்கு ஒரு கட்டம் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று போகும், ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும். அண்ணன் தாளில் கசப்பு குறைவு, வாசனை சுமார், இருமல் மட்டும் இரண்டு. மூக்கும் நாக்கும் என் கருவியின் கட்சியில் இருந்தன. தொண்டை மட்டும் தனிக்கட்சி. இந்தத் தொழிலில் ஒரு வருஷம் இருந்தவனுக்கே அது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. ஏதோ புது ரகக் காயாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் நடந்ததெல்லாம் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அண்ணன் ஷூவை விட்டுவிட்டுச் செருப்போடு வேலைக்கு வந்தான், பெரிய மனுஷன் ஆயிட்டாரு என்று கிண்டல் பண்ணினோம். இடுப்பு பெருத்தது, எண்ணெய் உள்ளேயே தங்கிடுச்சு என்றோம். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினான், வயசு தெரியுது என்றோம். மூன்று தலையணை வைத்து உட்கார்ந்த மாதிரித் தூங்குகிறார், ராஜா மாதிரி என்று அண்ணி சொல்லிச் சிரித்தாள். இருமலைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேறு எந்த வீட்டிலாவது ஒரு மனுஷன் அஞ்சு மாதம் விடாமல் இருமினால் கழுத்தைப் பிடித்து டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் அவன் இருமுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

நாலாவது மாதம் கம்பெனியில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. கிடங்கு மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘ரெண்டு’க்கும் மெஷினுக்கும் ஒத்துவராததை முதலாளியம்மா கவனித்துவிட்டார், வெளியிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து இரண்டு பேரில் யார் சரி என்று பார்க்கப்போகிறார் என்றார். அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். வேறு ஆள் வந்தால் என் கருவிதான் ஜெயிக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். கருவி ஜெயித்தால் அண்ணன் தொண்டை தோற்றது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் சேர்த்த பேர் ஒரே காலையில் போய்விடும். அவனுக்கு அந்தத் தொண்டையைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பதில் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். அவனுக்கு உயிர் இருந்தது.

அடுத்த எண்ணெய்க்கு அவன் ரெண்டு என்றான். கருவி நூற்று எண்பது காட்டியது. நான் இருநூற்று எண்பது என்று எழுதினேன். நூறுதான் வித்தியாசம். அடுத்ததற்கும் அப்படியே. மூன்றாவதற்கும் அப்படியே. மூன்றுக்கும் சிவப்பு இதயம் விழுந்தது. வெளி ஆளைக் கூப்பிடும் பேச்சு அடங்கியது. அண்ணன் மறுபடி என்னோடு சாப்பிட உட்கார்ந்தான். கண்ணாடி போட்டதும் மெஷினுக்குப் பார்வை தெளிஞ்சிடுச்சு பாத்தியா என்றான். நானும் ஆமாம் என்றேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொன்னால் வெட்கக்கேடு.

அதிலிருந்து எட்டாவது நாள், காலை பதினோரு மணி இருக்கும். அண்ணன் ஐந்தாவது கோப்பையை விழுங்கிவிட்டு இரண்டு தடவை இருமினான். மூன்றாவது தடவையும் இருமினான். நிற்கவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சு, ஆறு என்று எண்ணிவிட்டு, இது என்ன அதிசய எண்ணெய் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோப்பை உடைகிற சத்தம் கேட்டபோதுதான் ஓடினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான், உதடு நீலம் பாரித்திருந்தது, வாயில் இளஞ்சிவப்பாக நுரை. அப்பாவின் பாதி முகத்து நுரைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அண்ணி தபால் ஆபீஸ் சீருடையோடு வந்து சேர்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். குள்ளமானவர், ரொம்ப நிதானமாகப் பேசுகிறவர். இதயத்தின் தசை தளர்ந்துபோய்ப் பாதி வேலைதான் செய்கிறது, தள்ள முடியாத தண்ணீர் நுரையீரலில் தேங்கிவிட்டது, இப்போதைக்கு வடிய வைத்திருக்கிறோம், இன்றும் நாளையும் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். பிறகு எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார்.

அண்ணி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அவர் வேலையே இருமுறதுதான் டாக்டர்” என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். விளக்க விளக்க என் காதிலேயே அது பைத்தியக்காரத்தனமாக விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. எண்ணெய் இருமல் எது, நோய் இருமல் எது என்று தெரிந்தால், எப்போது ஆரம்பித்தது, கூடிக்கொண்டே போனதா, நடுவில் குறைந்ததா என்று தெரிந்தால் எனக்கு உதவும், ஆனால் அதை யார் பிரித்துச் சொல்ல முடியும் என்றார். என்னால் முடியும் என்றேன். காரை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய், என் பரிசோதனைப் பதிவேட்டைக் கொண்டுவந்தேன். அதில் ஒவ்வொரு எண்ணெய்க்கும் நேராக இரண்டு கட்டம். ஒன்றில் அவன் இருமல், ஒன்றில் என் எண்.

டாக்டர் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். அண்ணி அவர் தோளுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தாள். காய்ச்சல் எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார், தேதி சொன்னேன். அவர் விரல் அந்தத் தேதிக்குக் கீழே மெதுவாக இறங்கியது. இதுவரை ஒத்துப்போகிறது, இதிலிருந்து இடிக்கிறது, இங்கே அதிகமாக இடிக்கிறது. காய்ச்சல் கிருமி இதயத் தசையைத் தாக்கியிருக்கும் போலிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

“இந்த மூணு நாள்ல திரும்ப ஒத்துப்போகுதே. அப்போ நடுவுல அவருக்குக் கொஞ்சம் தேவலையா இருந்துதா?”

ஒரு நிமிஷம், வேண்டாம், அரை நிமிஷம் இருக்கும், ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பக்கத்தில் அண்ணியின் மூச்சு கேட்டது.

“இல்ல டாக்டர். அது நான் மாத்தி எழுதினது” என்றேன்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். ஏன் என்று கேட்டாள். அண்ணன் பேர் கெட்டுவிடக் கூடாதென்று என்றேன். அப்படியானால் மெஷின் சரி என்று உனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. சீருடைச் சட்டையின் பொத்தான் ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அவரை அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேனே.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. நான் வாங்கிக்கொண்டு போன சாப்பாட்டைச் சாப்பிட்டாள், நான் ஓட்டிய காரில் வந்தாள், பேச்சு மட்டும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் கொஞ்சம் தெம்பு வந்ததும் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு அடைப்பும் இல்லை. டாக்டர் அதைச் சொன்னதும் இந்த மனுஷனுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு எங்களைப் பார்த்து, தினம் ஒரு கரண்டி, வீண் போகலை என்றான். டாக்டர் பொறுமையாக அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். குழாய் சுத்தமாக இருப்பதற்கு உங்கள் எண்ணெய் காரணமா, நடை காரணமா, சிகரெட் பிடிக்காதது காரணமா, பிறவியிலேயே அப்படியா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, எண்ணெய் நல்லதுதான், சாப்பிடுங்கள் என்றார். ஆனால் அது காவல் காத்தது குழாயை, உங்களுக்கு அடி விழுந்தது தசையில், அதற்கு மாத்திரைதான், வேறு வழியில்லை என்றார். முப்பது வருஷம் முன்வாசலைப் பூட்டிக் காவல் இருந்தவனுக்குப் பின்வாசலும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் கம்பெனிக்குப் போய் முதலாளியம்மாவிடம் மூன்று எண்ணெயைப் பற்றியும் சொன்னேன். இதயம் ஒட்டின பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். வேலையிலிருந்து தூக்குவார் என்று எதிர்பார்த்தேன், தூக்கவில்லை. கையெழுத்துப் போடும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டார். இப்போது நான் சோதிக்கிறேன், கையெழுத்து வேறொருத்தி போடுகிறாள். அவளுக்கு என்னை விடப் பதினைந்து வயது குறைவு. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போடுவாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. அவள் செய்வதுதான் சரி.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது சுருக்கமாக இருந்தது. மாத்திரை தவறக் கூடாது. உப்பு குறைய வேண்டும். தினம் காலையில் எடை பார்க்க வேண்டும். எடை சட்டென்று ஏறினாலோ, கால் வீங்கினாலோ, இருமல் திரும்பினாலோ யோசிக்காமல் கூட்டிவர வேண்டும். அப்போதுதான் புதுத் தலைவலி தொடங்கியது. இருமல் திரும்பினால் என்றால், எந்த இருமல்? இந்த வீட்டில் சோற்றில் ஊற்றுவதும் ரொட்டியில் தடவுவதும் இரண்டு இருமல் எண்ணெய்தானே. எண்ணெயை மாற்றிவிடலாம் என்று அண்ணி சொன்னதற்கு அவன் பண்ணின ரகளை இருக்கிறதே, செத்த எண்ணெய் இந்த வாசப்படி ஏறினால் நான் இறங்கிப் போய்விடுவேன் என்றான். நெஞ்சு பாதிதான் வேலை செய்கிறது, வாய் முழுசாக வேலை செய்தது.

கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். நல்ல எண்ணெயை மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளட்டும். ஞாயிறு காலையில் மட்டும், வாயில் எதுவும் படும் முன்னால், நான் கம்பெனியிலிருந்து சுத்திகரித்த எண்ணெய் கொண்டுவருவேன். பாலிஃபீனால் சுத்தமாக இல்லாத, என் கருவி பூஜ்யம் என்று சொன்ன எண்ணெய். அதை அவன் ஒரு வாய் விழுங்க வேண்டும். அதற்குத் தொண்டை எரிய வழியே இல்லை. அதைக் குடித்தும் இருமினால் எண்ணெய் மேல் பழி போட முடியாது. இது வைத்தியம் இல்லை, எடை பார்க்கும் கருவிதான் முக்கியம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் கெடுதல் இல்லை, செய்யுங்கள் என்றார். அண்ணி அன்றைக்குத்தான் பதினோரு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். நீலக் கோப்பையே கொண்டு வா, இல்லாவிட்டால் அவர் குடிக்க மாட்டார் என்றாள்.

அப்படி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தது. அவன் சாப்பாட்டு மேசையில் முழுச் சடங்கும் செய்வான். கோப்பையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவான், மோந்து பார்த்து முகத்தைச் சுளிப்பான், பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவான், விழுங்குவான், கண்ணை மூடுவான். நானும் அண்ணியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு அவன் கண்ணைத் திறந்து, மகா வெறுப்போடு, செத்தது என்பான். வாழ்க்கையில் அவன் சொன்ன எந்த ‘ரெண்டு’ம் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. பன்னிரண்டு ஞாயிறு அப்படிப் போனது. காலில் ஷூ ஏறியது. வேலைக்குத் திரும்புவது பற்றிக்கூடப் பேச ஆரம்பித்தான்.

பதிமூன்றாவது ஞாயிறு, அதாவது போன ஞாயிறு, நான் போனபோது அண்ணி சமையலறையில் தாழ்ந்த குரலில், நேற்றையை விட இன்றைக்கு ஒரு கிலோ ஏறியிருக்கிறது, கேட்டால் தண்ணீர் நிறையக் குடித்தேன் என்கிறார் என்றாள். நான் கோப்பையை அவன் முன்னால் வைத்தேன். அவன் சூடாக்கினான், மோந்தான், உறிஞ்சினான், விழுங்கினான். கண்ணை மூடினான்.

இருமினான். கொஞ்சம் அடங்கிவிட்டு மறுபடி இருமினான்.

அவன் கண்ணைத் திறந்தான். கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்பில் ஒரு கெஞ்சல் இருந்தது.

“நல்ல எண்ணெய் பாப்பா. நீ பாட்டிலை மாத்தி எடுத்துட்டு வந்துட்டே.”

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். கம்பெனி அலமாரியில் இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். எனக்கு அதை நம்ப வேண்டும் போல இருந்தது, ஆசையாகவே இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆமாண்ணா, மாத்திட்டேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.

அவன் கையிலிருந்து கோப்பையை வாங்கி, மீதியை நான் விழுங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வழவழவென்று இறங்கியது. ஒரு எரிச்சலும் இல்லை.

“எனக்கு ஒண்ணும் எரியலண்ணா. கிளம்பு.”

அண்ணி அதற்குள் அவன் ஷூவை எடுத்துவந்து கீழே குனிந்து மாட்டப் பார்த்தாள். ஏறவில்லை. அவன் மெதுவாக எழுந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு வாசலுக்கு நடந்தான். நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.